ரத்தக்கசிவு நின்று நான்கு மாதமாகியும் விடாத தலைவலி

கேள்வி:
மார்ச்சில் பாத்திரம் துலக்கும்போது பிடரியில் உலக்கையால் அடித்தது போல் ஒரு வலி. மூளை உறைக்கு அடியில் ரத்தக்கசிவு என்றார்கள். தொடை வழியே குழாய் செலுத்தி, ரத்தக்குழாய்ப் புடைப்பைக் கம்பிச்சுருளால் அடைத்தார்கள். பிறகு 21 நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின் மாத்திரை. நள்ளிரவில் என்னை எழுப்பியே கணவர் இளைத்துவிட்டார்! இப்போது ஸ்கேன் சரியாக இருக்கிறது. ஆனாலும் மாலையானால் வலது நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. குக்கர் விசில் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை. "அதுதான் குணமாகிவிட்டதே" என்கிறார் மாமியார். ரத்தம் நின்ற பிறகும் ஏன் வலி?

பதில் 1:
நரம்பியல் வார்டில் செவிலியாக இருந்தவள் நான். கசிந்த ரத்தம் சிதையும்போது வெளிவரும் ஹீமோகுளோபினும் இரும்பும் மூளை உறையை எரிச்சலூட்டி அழற்சி உண்டாக்கும். உறையில் வலி நரம்புகள் உண்டு, மூளைக்குள் இல்லை. ரத்தம் கரைந்தாலும் அந்த நரம்புகள் உடனே அடங்குவதில்லை, அம்மா. நடை தள்ளாட்டம், குழப்பம், வாந்தி, திடீர்க் கடும் வலி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். மண்டைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், மறுபடி கசிந்திருக்கலாம்.

பதில் 2:
எனக்கு முதுகும் தொடையும்கூட வலித்தன, சகோதரி. ரத்தம் தண்டுவட நீரோடு கீழே இறங்குமாம். வலி மாத்திரை போடும் நாட்களை எண்ணுங்கள். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் பாராசிட்டமால் போட்டால், அதுவே தலைவலி தரும்.

கேள்வி கேட்டவர்:
காலி அட்டைகளை எண்ணினேன். போன மாதம் 22 நாள் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் அட்டைகளோடு போகிறேன், மாமியாரையும் அழைத்துக்கொண்டு.