கிரேட்டர் லேக்: கோடையில் போனவர்கள் குளிரிலும் போங்கள்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இருப்பவர்கள் கோடையில் எப்படியும் ஒருமுறை கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவின் ஏரியைப் பார்க்கப் போய்விடுவார்கள். பனிக்காலம் என்றால் "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். நிறையவே இருக்கிறது.

கோடையில் ஊரிலிருந்து வந்த அத்தையைக் கூட்டிப்போனோம். விளிம்பில் நின்று பார்த்தால் கீழே மை கொட்டிய மாதிரி நீலம். அத்தை முதலில் கேட்டது, "எந்த ஆத்துத் தண்ணிப்பா இது?" எந்த ஆறும் வந்து விழவில்லை, எதுவும் இதிலிருந்து புறப்படவும் இல்லை. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து, அடியில் இருந்த எரிமலைக்குழம்பு வெளியேறியதும் உச்சி அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் தேங்கித்தான் 594 மீட்டர் ஆழத்துக்கு ஏரி. சேறு கொண்டுவர ஆறு இல்லை, அதனால்தான் இவ்வளவு தெளிவு. அத்தை அரை மனதாகத்தான் நம்பினார்.

தண்ணீர்வரை இறங்க இருப்பது கிளீட்வுட் பாதை ஒன்றுதான். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். சீரமைப்புக்காக 2026 முதல் சில ஆண்டுகள் அதை மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் குன்று ஏறினால் ஏரிக்குள் இருக்கும் விசர்ட் தீவு நேர் கீழே தெரியும், அதுவே போதும்.

அப்புறம் ஒரு பிப்ரவரியில் போனோம். ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி விழும் இடம். சாலையோரப் பனிச்சுவர் காரைவிட உயரம். ஏரியைச் சுற்றும் 53 கிலோமீட்டர் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். அதே சாலையில், முதுகில் கூடாரத்தோடு ஸ்கீயில் ஏரியைச் சுற்றக் கிளம்பிய ஒரு ஜோடியைப் பார்த்தோம். இரவும் பனியில்தானாம்! எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அழைத்துப்போகும் பனிநடையில் சேர்ந்துகொண்டோம். காலில் மாட்டும் பனிச்சட்டத்தை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். இவ்வளவு குளிரிலும் ஏரி உறைவது அபூர்வம், முழுதாக உறைந்தது கடைசியாக 1949இல் என்றார் ரேஞ்சர். காலடியில் கிடக்கும் பனிதான் நாளைய ஏரித்தண்ணீர் என்று அவர் சொன்னபோது அத்தையும் கூட இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: குளிர்காலத்தில் பாதி நாள் மேகம் ஏரியை மூடிவிடும். காலையில் பூங்காவின் வெப்கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டயருக்குச் சங்கிலியோ பனி டயரோ கட்டாயம். பூங்காவுக்குள் அப்போது பெட்ரோல் கிடைக்காது, வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.