ஐநா அமைதிகாப்பு மிஷன், தெற்கு சூடான்: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இருந்தவர்கள் சொல்லுங்கள்

தெப்பக்குளம்:
வணக்கம். ஜூபாவில் அன்மிஸ் மிஷனில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறேன். ஜெனரேட்டர், சோலார் வேலை. விமான நிலையத்தை ஒட்டிய தோம்பிங் முகாமில் ஒரு கன்டெய்னர் அறை. ஐடி கார்டு, ரேடியோ, டிரைவிங் டெஸ்ட் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதெல்லாம் எப்படியும் முடிந்துவிடும். என் கவலை வேறு. மீட்டிங்கில் பாதிப் பேச்சு சுருக்கப் பெயர்களாகவே போகிறது. என் டீமில் இருக்கும் தெற்கு சூடான் டெக்னீஷியன்கள் வயதில் என்னைவிட மூத்தவர்கள், 2011-இல் மிஷன் தொடங்கியதிலிருந்து இருப்பவர்களும் உண்டு. மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். நேற்று வந்தவன் நான், இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது? அடுத்து மலாக்காலுக்கு அனுப்பப் போகிறார்கள். குடும்பத்தை அழைத்து வர முடியாத இடம், மனைவியும் மகளும் மதுரையில். இந்த வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

எண்டெபிவாசி:
வாழ்த்துகள். முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம், படி எல்லாம் உகாண்டாவில் எண்டெபியில் இருக்கும் பிராந்திய சேவை மையம் வழியாக நகரும், முதல் மாதம் தாமதமாகலாம். கையில் டாலர் இருக்கட்டும், அதுவும் புது நோட்டாக. பழைய நோட்டையும் கிழிந்ததையும் ஜூபா கடைகளில் வாங்கமாட்டார்கள். அப்புறம், இந்தச் சம்பளத்தை நம்பிப் பெரிய வீட்டுக் கடன் எடுக்க வேண்டாம். மாலி மிஷன் 2023 இறுதியில் மூடப்பட்டது. லெபனான் மிஷன் 2026 டிசம்பரோடு முடிகிறது. 2025 அக்டோபரில், நிதி இல்லாததால் ஒன்பது மிஷன்களில் படையினரைக் கால்பங்கு குறைப்பதாக ஐநா அறிவித்தது. நம் கான்ட்ராக்டும் இதற்கெல்லாம் உட்பட்டதுதான்.
வீட்டுக்குப் பேசுவதற்கு மதியச் சாப்பாட்டு நேரம் நல்லது. ஜூபாவில் ஒரு மணி என்றால் மதுரையில் நாலரை, பாப்பா பள்ளியிலிருந்து வந்திருப்பாள். இரவுவரை காத்திருந்தால் அவள் தூங்கிப்போவாள்.

கொக்குவில் அக்கா:
தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த டெக்னீஷியன்கள். நான் அங்கே சிவில் விவகாரப் பிரிவில் இருந்தேன். நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்போம், அவர்களோ ஒவ்வொரு புது மேலாளரையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்த அலுப்புத்தான் மௌனமாகத் தெரிகிறது. "எப்படி வேலை வாங்குவது" என்று யோசிக்காமல், எல்லா ஜெனரேட்டரையும் அவர்களோடு நடந்து பாருங்கள். எது எப்போது நின்றது, எந்த பாகம் கிடைக்காமல் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் அவர்களின் யோசனையை அவர்கள் பெயரோடு சொல்லுங்கள்.
காலையில் கை கொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் அங்கே பேச்சே தொடங்கும். நேராக வேலையைப் பேசினால் முகம் சுருங்கும். ஜூபா அரபி கொஞ்சம் பழகுங்கள். ஆனால் நீங்கள் டிங்கா இனமா, நூயர் இனமா என்று யாரையும் கேட்கவே வேண்டாம். 2013 டிசம்பரில் இந்த இனப் பிளவை ஒட்டிச் சண்டை வெடித்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் ஐநா முகாம்களின் வாசலுக்கு ஓடி வந்தார்கள், கதவு திறக்கப்பட்டது, பல வருஷங்கள் உள்ளேயே வாழ்ந்தார்கள். உங்கள் டீமில் யாருடைய வீட்டார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கேள்வி ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியும்.
எண்டெபிவாசி சொன்ன நிதிக் குறைப்பிலும் நாம் விமானம் ஏறிவிடுவோம், அந்த டெக்னீஷியன்களுக்கு வேலையும் போகும், பாதுகாப்பும் போகும்.

தெப்பக்குளம்:
அக்கா, நாளைக்கே நோட்டோடு போகிறேன். மலாக்கால் பற்றி யாராவது?

பழைய சிப்பாய்:
இந்திய பட்டாலியனோடு மலாக்காலில் இருந்தவன். வெள்ளை நைல் கரையில் இருக்கிறது, போரில் பலமுறை கைமாறிய ஊர். முகாமை ஒட்டியே அடைக்கலம் புகுந்தவர்களின் குடியிருப்பு. 2016 பிப்ரவரியில் அங்கே நடந்த தாக்குதலில் குறைந்தது 25 பேர் இறந்தார்கள், அந்த நினைவு இன்னும் ஆறவில்லை.
உங்கள் வேலைக்கு மழைதான் பெரிய விஷயம். ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர்வரை கரிசல் மண் குழைந்து ரோடு கிடையாது, படகு அல்லது ஹெலிகாப்டர்தான். ஃபில்டர், பெல்ட், பேட்டரி எல்லாவற்றுக்கும் மார்ச்சுக்குள் இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் கோரிக்கை) போட்டுவிடுங்கள். அங்கே தண்ணீர் சுத்திகரிப்பும் ஆஸ்பத்திரியும் உங்கள் கரண்டில்தான் ஓடும்.
மலேரியா மாத்திரையை நிறுத்தக்கூடாது. டாக்சிசைக்ளின் என்றால் அங்கிருந்து கிளம்பி வந்த பிறகும் நாலு வாரம் போட வேண்டும், பலர் வீடு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். லீவில் காய்ச்சல் வந்தால் தெற்கு சூடானிலிருந்து வந்திருக்கிறேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை, ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டை பாஸ்போர்ட்டோடு வையுங்கள், அது இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்திவிடுவார்கள்.
இந்தியப் படை அங்கே இருந்தால் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ் பேசுகிற ஜவான் ஒருத்தராவது இருப்பார்.