மறு: ‘ஒவ்வா நிலையம்’ – மாற்றுச் சொல்

ஐயா, வணக்கம்.

குப்பை கொட்டும் இடம், சுடலை, மாட்டு மடுவம் (மாடு அறுக்கும் இடம்), மலக்கழிவுச் சுத்திகரிப்பு என, ஊருக்குத் தேவையானாலும் பக்கத்தில் எவரும் விரும்பாத இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கலைச்சொல்லாக ‘ஒவ்வா நிலையம்’ என்று எழுதியிருந்தீர்கள். சொல் சிறியது, வாயில் நிற்கிறது. ஆனால் ‘ஒவ்வா’ என்றதும் ஒவ்வாமைதான் ஞாபகம் வருகிறது. குறை அங்கே குடியிருப்பவரின் உடம்பில் என்றாகிவிடும். ‘வேண்டா நிலையம்’ அதைவிடப் பொருந்தாது. சுடலையே வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லாது. தன் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

1981இல் அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் ஃபிராங்க் பொப்பர் இவ்வகை நிலப் பயன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ‘locally unwanted land use’ (LULU) என்று பெயரிட்டபோது, உள்ளூரார் விரும்பாமையை முன்னே வைத்தார். நாம் சுமையை முன்னே வைப்போம். பயன் நகரம் முழுவதற்கும். நாற்றமும் ஈயும் அயலுக்கு. ஆகவே ‘அயற்சுமை நிலையம்’, அதற்கு இடம் தேடும் வேலை ‘அயற்சுமை இடத்தெரிவு’. ‘சுமை’ கடுமையான சொல் என்போர் 2017 ஏப்ரல் 14ஐ நினைக்கட்டும். அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

‘அயல்’ என்பதன் வரைவிலக்கணத்தில்தான் எனக்குக் கவலை. மிக அருகிலுள்ள வீட்டிலிருந்து நிலையத்தை இயன்றளவு தள்ளி வைப்பது இடத்தெரிவுத் துறையின் பழைய கணக்கு. மலையில் அது போதாது. மேட்டில் கொட்டிய குப்பையின் கழிவுநீர் பள்ளத்துப் பீலியில் (மக்கள் நீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயில்) இறங்கும்; மறுசரிவில் கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண்டியின் கொஹாகொட குப்பை மேடு மகாவலிக் கரையோரம் கிடக்கிறது. அதன் அயல் ஆற்றோடு நீண்டு போகிறது. எனவே ‘நீர் வடியும் வழியில் வாழ்வோர்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

‘அயலார்’ என்பதற்குக் ‘காணி உரிமையாளர்’ என்று பொருள் எழுதவே கூடாது. லயத்தில் தலைமுறைகளாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காணி உறுதி இல்லை. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தேயிலைத் தோட்டத்துக்குள் செலவு செய்யவே தடை இருந்தது. உரிமையாளரை மட்டும் எண்ணினால் வரைபடத்தில் தேயிலைதான் தெரியும், ஆட்கள் தெரியமாட்டார்கள். ‘குடியிருப்போர்’ என்றே எழுதுவோம்.

எதிர்க்கும் மக்களின் செயலுக்கு ‘அயலெதிர்ப்பு’ போதும். ‘தன்னல எதிர்ப்பு’ என்று வந்த முன்மொழிவை நான் ஏற்கமாட்டேன்.

மாணவருக்கு ‘அயல்சுமை’ என்று புணர்த்தாமல் எழுதுவது இலகு என்றால் அதற்கும் உடன்படுகிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள், ஐயா.