கிளாஸுக்குள் எழுதிய லிஸ்ட் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவாகிவிடுகிறது, உதவி தேவை

நீடாமங்கலம்_நிரலர்:
வணக்கம். ஊர்ப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தர, தமிழிலேயே எழுதுகிற சின்ன மொழி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதைப் படித்து ஓட்டுகிற இன்டர்பிரட்டர் பைத்தானில். மற்றதெல்லாம் ஓடுகிறது, கிளாஸ் (வகுப்பு, ஒரே மாதிரி ஆப்ஜெக்டுகளை உருவாக்குகிற அச்சு) சேர்த்ததும்தான் வம்பு.

வகுப்பு ஆறு {
  நீர்வரத்து = 0
  கிளைகள் = []
}
வெண்ணாறு = ஆறு()
காவிரி = ஆறு()
வெண்ணாறு.நீர்வரத்து = 500
வெண்ணாறு.கிளைகள்.சேர்("கோரையாறு")
அச்சிடு(காவிரி.நீர்வரத்து)
அச்சிடு(காவிரி.கிளைகள்)

முதலில் 0 வருகிறது, சரி. அடுத்து ["கோரையாறு"] என்று வருகிறது! மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற ஆற்றைத் தூக்கிக் காவிரிக்குக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளே சிரிப்பார்கள். நம்பர் ஒழுங்காக இருக்க, லிஸ்ட் மட்டும் ஏன் இப்படி? கிளாஸைப் படிக்கும்போதே உள்ளே இருப்பதை ஓட்டி, பெயரும் மதிப்புமாக ஒரு டிக்‌ஷனரியில் வைத்துவிடுகிறேன். ஆப்ஜெக்டில் ஒரு பெயர் இல்லையென்றால் அங்கே போய்த் தேடும்.

குடந்தை_கோடு:
கடைசி இரண்டு வரியிலேயே பதில் இருக்கிறது தம்பி. [] ஒரே ஒரு தடவைதான் ஓடுகிறது, அதனால் லிஸ்டும் ஒன்றுதான். நம்பரும் பொதுவில்தான் கிடக்கிறது. ஆனால் "= 500" என்றதும் வெண்ணாற்றிலேயே தனியாக ஒரு நீர்வரத்து உருவாகி, கிளாஸில் உள்ள 0-வை மறைத்துவிடுகிறது. "சேர்" எதையும் புதிதாக உருவாக்காது. பொதுவில் கிடக்கிற லிஸ்டைப் பிடித்து அதற்குள்ளேயே போடும்.

பைத்தானிலும் கிளாஸ் உடம்பில் லிஸ்ட் எழுதினால் இதே கதைதான். 2018-இல் 3.7-உடன் வந்த டேட்டாகிளாஸ் என்ற வசதியில் லிஸ்டை நேராக டீஃபால்டாக வைத்தால் பிழை காட்டி நிறுத்திவிடும். ஜாவாவில் ஸ்டாட்டிக் (எல்லாவற்றுக்கும் பொது) என்று போடாத ஃபீல்டின், அதாவது கிளைகள் மாதிரி ஆப்ஜெக்டில் இருக்கும் பெயரின், தொடக்க மதிப்பு ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் புதிதாக ஓடும். நீங்கள் ஜாவா வழியில் போங்கள். மதிப்பை வைக்காமல் அந்த எக்ஸ்பிரஷனின் மரத்தையே (ஓட்டாமல் பிரித்து வைத்த வடிவம்) கிளாஸில் வைத்து, ஆறு() என்று கூப்பிடும்போதெல்லாம் ஓட்டுங்கள்.

மன்னை_லுவா:
எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளாஸ் உடம்பில் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுகிற கன்ஸ்ட்ரக்டரில் "தன்.கிளைகள் = []" என்று வரட்டும். எது எப்போது ஓடுகிறது என்ற சந்தேகமே வராது. லுவா மொழியில் கிளாஸ் என்று தனி சின்டாக்ஸே கிடையாது. டேபிளை (பெயரும் மதிப்புமாக வைக்கிற பட்டியல்) வைத்தே ஓட்டுகிறார்கள்.

குடந்தை_கோடு:
லுவா நமக்குச் சரி அண்ணே, பிள்ளைகளுக்கு? அதோடு ஃபீல்டை உடம்பிலேயே எழுதினால் கிளாஸில் என்னென்ன பெயர் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். "தன்.கிளகள்" என்று எழுத்து விட்டுப் போனால் சத்தமில்லாமல் புது ஃபீல்ட் முளைக்காது, பிழை காட்டலாம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நீடாமங்கலம்_நிரலர்:
மரத்தை வைத்து ஓட்டியாயிற்று, காவிரிக்கு இப்போது [] வருகிறது. நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். எல்லா ஆற்றுக்கும் உண்மையிலேயே பொதுவான எண்ணிக்கை ஒன்று வேண்டுமென்றால்? ஒரு வகுப்புக்கு, அது ஃபீல்டுகளைப் பெறுகிற தாய் வகுப்பு இருந்தால் எது முதலில் ஓட வேண்டும்?

குடந்தை_கோடு:
பொதுவானதை வெளியே "ஆறு.மொத்தம் = 0" என்று எழுதச் சொல்லுங்கள். புதுச் சொல் எதுவும் வேண்டாம். படிக்கும்போதும் ஆறு.மொத்தம் என்றுதான் படிக்க வேண்டும், வெண்ணாறு.மொத்தம் பிழை. ஆப்ஜெக்டில் இல்லையென்றால் கிளாஸில் போய்த் தேடுவதை நீக்கினால்தான் பழைய குழப்பம் திரும்பாது. மெத்தடுக்கு மட்டும் தேடல் இருக்கட்டும்.

வரிசையில்தான் கவனம். ஜாவாவில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே மகளின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு வரும். தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு மெத்தடைக் கூப்பிட்டு, அதை மகள் மாற்றி எழுதியிருந்தால், அங்கே கிளைகள் இன்னும் null-தான், அதாவது மதிப்பே இல்லை. நீங்கள் தாய், மகள் இருவரின் ஃபீல்டுகளையும் அந்த வரிசையில் முதலில் நிரப்பிவிட்டு, அப்புறம் கன்ஸ்ட்ரக்டர்களை ஓட்டுங்கள்.

மன்னை_லுவா:
கன்ஸ்ட்ரக்டருக்கு வருகிற மதிப்பை வைத்து ஃபீல்டை நிரப்ப வேண்டுமென்றால்?

குடந்தை_கோடு:
அது உடம்பில் முடியாது. அங்கே நீங்கள் சொன்ன "தன்." வழிதான்.