அமானுஷ்யம் இல்லாத ரத்தக்காட்டேரி: நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: என் கதை நாயகன் மனநோயாளி, தன்னை ரத்தக்காட்டேரி என்று நம்பித் தினமும் 1 லிட்டர் ரத்தம் குடிக்கிறான். எடுபடுமா?

பதில் 1: எடுபடாது. இரைப்பைக்கு ரத்தம் ஒத்துக்கொள்ளாது. அவ்வளவு குடித்தால் வாந்திதான். செரித்தது தார் போலக் கறுப்பாக மலத்தில் போகும். வெளியே எடுத்ததோ சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். ஒரு வாய் போதும். பசியைவிடச் சடங்கை எழுதுங்கள்: அதே கிண்ணம், அதே நேரம், தவறினால் பதற்றம்.

பதில் 2: டாக்டர் பாத்திரம் 'ரென்ஃபீல்ட் நோய்க்குறி' (ரத்தம் குடிக்கும் வெறி) என்று சொல்ல வேண்டாம். 1992-இல் உளவியலாளர் ரிச்சர்ட் நோல் பாதி கிண்டலாக வைத்த பெயர் அது, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டி.எஸ்.எம். கையேட்டில் கிடையாது. மனச்சிதைவு, மருட்சி (மாறாத பொய் நம்பிக்கை) என்றுதான் குறிப்பெழுதுவார்.

பதில் 3: ரத்தக்காட்டேரியின் முகம் கண்ணாடியில் தெரியாது என்பார்கள்; அதனால் தன் முகம் தெரிந்ததும் நாயகன் தெளிந்துவிடுகிற காட்சி மட்டும் வேண்டாமே. மருட்சி ஆதாரத்துக்கு அசையாது. 'கண்ணாடியை மாற்றிவிட்டார்கள்' என்பான். அடுத்து, மாற்றியது யார் என்று தேடத் தொடங்குவான்.