மிஷன் கார்டு கவிழ்த்த ஆட்டங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பகடைக்கிறுக்கன்

இன்னும் மனசு ஆறவில்லை, அதான் எழுதுகிறேன். 40கே, அதாவது வார்ஹாமர் 40,000, குட்டிப் பொம்மைப் படைகளை டேபிளில் மோதவிடும் ஆட்டம். 10ஆம் எடிஷன், லெவியதன் டெக் (எதைச் செய்தால் பாயின்ட் என்று சொல்லும் மிஷன் கார்டுக் கட்டு), ஆர்மி அளவு 2000 பாயின்ட். என் ஆர்மி ஸ்பேஸ் மரீன், எதிரில் நெக்ரான். ஐந்தாம் ரவுண்டில் அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸ்கேரப் (வண்டு ரோபோ) கூட்டம். ஆரம்ப ரவுண்டுகளில் நடு அப்ஜெக்டிவ்களை (பிடித்தால் பாயின்ட் தரும் இடங்களை) அவர் பிடித்து வைத்திருந்ததால் ஸ்கோரில் நான் இரண்டே பாயின்ட் முன்னால். கடைசி டர்ன் அவருடையது.

அந்த ஸ்கேரப் எங்கே இருந்தது தெரியுமா? என் டிப்ளாய்மென்ட் ஸோனில் (நான் படையை இறக்கும் பகுதியில்), ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால். திட்டம் எல்லாம் இல்லை. என் டாங்க்குகளின் கண்ணில் படாத இடம் டேபிளில் அது ஒன்றுதான், போய் ஒளிந்துகொண்டது.

அந்த டர்னுக்கு அவர் எடுத்த முதல் கார்டு: அசாசினேஷன். கேரக்டரை, அதாவது என் தளபதி மாதிரியான ஒருவரைக் கொல்ல வேண்டும், ஸ்கேரப்பால் நடக்காத காரியம். அவர் சிரித்துக்கொண்டே கை கொடுக்க எழுந்துவிட்டார். பாதி எழுந்த நிலையிலேயே இரண்டாவது கார்டைத் திருப்பினார். பிஹைண்ட் எனிமி லைன்ஸ்: எதிரி ஸோனுக்குள் யூனிட் நின்றால் பாயின்ட். நகர்த்தவில்லை, பகடை உருட்டவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. கார்டை அப்படியே ஸ்கேரப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நான் தோற்றது அவரிடமா, அந்தக் கார்டிடமா?

பழைய_கோடெக்ஸ்

தம்பி, கார்டைத் திட்டும் முன் ஒரு கேள்வி. 10ஆம் எடிஷனில் ஃபிக்ஸ்டு (ஆட்டம் முழுக்க ஒரே மிஷன்கள்) வேண்டுமா டாக்டிகல் (டர்னுக்கு டர்ன் கார்டு எடுப்பது) வேண்டுமா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர் டாக்டிகல் எடுத்தார், அந்த ஆபத்தையும் சேர்த்தே எடுத்தார். அதோடு, உங்கள் ஆர்மி முழுக்கப் பெயின்ட் அடித்திருந்ததா? 100 பாயின்டில் 10 அதற்குத்தான்.

நிஜமான கொடுமையைப் பார்க்க வேண்டுமென்றால் 2014இல் ஆடியிருக்க வேண்டும். 7ஆம் எடிஷன், மேல்ஸ்ட்ராம் ஆஃப் வார் என்ற கார்டு மிஷன்கள், 36 கார்டு. அதில் நிறைய கார்டு ‘இன்ன நம்பர் அப்ஜெக்டிவைப் பிடி’ என்பதுதான். க்ளென்ஸ் அண்ட் கன்ட்ரோல் என்ற மிஷனில் எப்போதும் கையில் மூன்று கார்டு இருக்கும். என் எதிராளி முதல் டர்னில் எடுத்த மூன்றுமே அவர் ஏற்கெனவே காலடியில் வைத்திருந்த நம்பர்கள். எனக்கு வந்ததில் ஒன்று ஸ்கவர் த ஸ்கைஸ், பறக்கும் வாகனத்தை வீழ்த்த வேண்டும். அவரிடம் பறப்பது ஒன்றுகூட இல்லை. அவர் தன் ஆர்மி முழுவதையும் ஒருமுறை கண்ணால் வலம் வந்துவிட்டு, “மேலே ஃபேன்தான் ஓடுது” என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கம்சட்கா

நான் 40கே ஆடுவதில்லை. பாரிஸில் சித்தப்பா வீட்டில் ரிஸ்க் ஆடுவோம், உலக வரைபடத்தில் நாடு பிடிக்கும் போர்டு கேம். ஐரோப்பாவில் விற்கும் பெட்டியில் இரகசிய மிஷன் கார்டு உண்டு: இரண்டு கண்டம் பிடி, 24 நாடு பிடி, இன்ன நிறத்தை ஒழி, இப்படி. உலகம் முழுவதையும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை, அதனால் ஒரே இரவில் முடியும்.

நான் நீலம். ஒன்றுவிட்ட அண்ணன் பச்சை. கம்சட்காவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே அடிப்பதில்லை என்று அவனோடு ஒப்பந்தம். அவனுக்கு ஆசியா வேண்டும்போல என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு, இந்தியாவை விட்டுக் கொடுத்தேன். சித்தி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்த நேரம் பார்த்து அலாஸ்காவுக்குள் வந்தான். ஒரே டர்னில் கிறீன்லாந்து வரை போய்விட்டான். என் கடைசிக் காய் ஐஸ்லாந்தில் நின்றது. பகடையை உருட்டும் முன் கார்டைத் திருப்பிக் காட்டினான். ‘நீலப் படையை அழி’.

“அண்ணா, முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றேன். “சொன்னா அது இரகசிய மிஷனா?” என்று கேட்டான். நியாயம்தான். ஆனாலும் அவன் கார்டில் என் நிறம் எழுதியிருந்ததை அவன் மாலை முழுக்கத் தெரிந்துகொண்டே என்னோடு பேசிச் சிரித்தான், பாருங்கள்.

பாயின்ட்_கணக்கு

மேலே உள்ளவருக்கு: ரிஸ்க் வார்கேமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இங்கே பேசுவது வேறு. ஒருவரை ஒழி என்ற மிஷனில் இன்னொருவர் முந்திக்கொண்டு அவரை ஒழித்துவிட்டால் உங்கள் மிஷன் 24 நாடு பிடிப்பதாக மாறிவிடும். அந்த வழி இருக்கும்போது உங்கள் அண்ணன் ஏன் அவசரப்பட வேண்டும்?

என் அனுபவம் சின்னது. 40கேயில் என்னுடையது டவ் ஆர்மி, பின்னால் நின்றே சுடுவேன். நான்கு மூலைக்கும் போகச் சொல்லும் கார்டாகவே வந்தது, தோற்றேன். அவ்வளவுதான்.

இனி, ஆட்டம் கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நடக்கவே முடியாத கார்டு வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பழைய கோடெக்ஸ் அண்ணா சொன்ன ஸ்கவர் த ஸ்கைஸ் பிரச்சினைக்கு அப்போதே பல குழுக்களில் இந்த ஹவுஸ் ரூல் (தாங்களே பேசி வைத்துக்கொண்ட விதி) இருந்தது, அண்ணாவின் குழுவில் ஏன் இல்லை என்று தெரியவில்லை. 10ஆம் எடிஷனில் அதற்கு வழி ரூலிலேயே இருக்கிறது. ஒரு கமாண்ட் பாயின்ட் (சிறப்பு உத்திகளுக்குச் செலவழிப்பது, ஸ்கோர் அல்ல) கொடுத்து நியூ ஆர்டர்ஸ் என்ற உத்தியைப் போட்டால் ஒரு கார்டை மாற்றலாம். உங்கள் டர்ன் முடிவில் கார்டைத் தூக்கிப் போட்டால் ஒரு கமாண்ட் பாயின்ட் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். முடியாத கார்டைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம், ஆர்மி எழுதும்போதே விலை குறைந்த, வேகமான இரண்டு யூனிட்டை எடுத்து வையுங்கள். அவை யாரையும் கொல்ல வேண்டாம். மூலைக்கு ஓட, எதிரி ஸோனில் போய் நிற்க, அதற்குத்தான். பகடைக்கிறுக்கனிடம் அப்படி ஒரு யூனிட் இருந்திருந்தால் அந்த இடிந்த சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்திருக்கும். நாங்கள் வீட்டில் ஆடும்போது மூன்று கார்டு எடுத்து இரண்டை வைத்துக்கொள்கிறோம். இன்னொரு முறையில் இருவருக்கும் பொதுவாக ஒரே கார்டு, யார் முதலில் முடித்தாலும் பாயின்ட் அவருக்கு. புதியவர்களுக்கு இதுதான் நல்லது, அதிர்ஷ்டம் ஒரு பக்கமே சாயாது.

துருப்பிடித்த_கவசம்

யாரும் கேட்காத அறிவுரைக்கு நன்றி ப்ரோ.

எனக்கு நடந்தது வார்க்ரையில், சில பொம்மைகளோடு ஆடும் சின்னச் சண்டை ஆட்டம், 2019இல் வந்த முதல் பெட்டி. டெரெய்ன், டிப்ளாய்மென்ட், விக்டரி, ட்விஸ்ட் என நான்கு கட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு எடுத்தால் அன்றைய ஆட்டம் ரெடி. வார்பேண்டை, அதாவது நம் சிறு படையை, டாகர், ஷீல்டு, ஹாமர் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். யார் எங்கே எப்போது வருவார்கள் என்பதை டிப்ளாய்மென்ட் கார்டு சொல்லும்.

என் லீடர் ஹாமரில். முகத்துக்கு மட்டும் மூன்று அடுக்கு பெயின்ட், கண்ணுக்கு நூல் பிரஷ். அன்றைய கார்டில் என் ஹாமர் இரண்டாம் ரவுண்டில்தான் வர வேண்டும், அதுவும் சண்டைக்கு எதிர்ப்பக்க ஓரத்தில். அவன் பக்கத்து நாற்காலியில் பஞ்சுப் பெட்டிக்குள் படுத்திருந்தான். எதிராளியின் டாகர் என் ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்தது. ஒருவழியாக உள்ளே வந்தவனுக்கு ஓடுவதற்கே நேரம் போதவில்லை. கத்தி வீசும் தூரத்துக்கு வருவதற்குள் விக்டரி கார்டு ஆட்டத்தை முடித்துவிட்டது. எதிராளி குனிந்து பார்த்து, “கண்ணு சூப்பரா இருக்கு” என்றான். பாராட்டா நக்கலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பாயின்ட்_கணக்கு

லீடரை டாகரில் போட்டிருந்தால்

துருப்பிடித்த_கவசம்

ப்ரோ, போதும்.

மூலைவாசி

மூன்று எடுத்து இரண்டை வைப்பது என்பதெல்லாம் எனக்கு ஒத்துவராது. பிடித்ததை வைத்துக்கொள்வதென்றால் பேசாமல் ஃபிக்ஸ்டே எடுத்துக்கொள்ளலாமே. வராத கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. பகடைக்கிறுக்கனுக்கும் இதையே சொல்வேன். அந்த மனிதர் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் கடைசி யூனிட்டைச் சாகவிடாமல் வைத்திருந்தார், கார்டுக்கு வேலை வந்தது.

7ஆம் எடிஷனில் க்ளோக் அண்ட் ஷேடோஸ் என்று ஒரு மிஷன். அதில் மட்டும் கையில் உள்ள கார்டை முடிக்கும்வரை காட்ட வேண்டியதில்லை. எனக்கு முதலிலேயே வந்தது அதே ஸ்கவர் த ஸ்கைஸ். எதிரில் ஆர்க் ஆர்மி, எல்லாம் தரையில். சரி என்று கார்டைப் பார்ப்பது, அப்புறம் அவருடைய இடது மூலையில் இருந்த நான்காம் நம்பர் அப்ஜெக்டிவைப் பார்ப்பது, மறுபடி கார்டைப் பார்ப்பது, இதையே செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் ரவுண்டில் ஒரு பாய்ஸ் (ஆர்க் காலாட்படை) கூட்டம் அந்த மூலைக்குப் போனது. மூன்றாம் ரவுண்டில் நான் அளவு நாடாவை எடுத்து அந்தப் பக்கமாக நீட்டிப் பார்த்தேன். இன்னொரு கூட்டமும் போனது. நடுவில் இருந்த மற்ற அப்ஜெக்டிவ்களை நான் நிம்மதியாகப் பிடித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் என் கையிலிருந்த கார்டை அவரே பிடுங்கிப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற அந்த ஆர்க் கும்பலைப் பார்த்தார். “டேய்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அட்டவணை உருட்டி மிஷன் எடுக்கும்போது க்ளோக் அண்ட் ஷேடோஸ் வந்தால் மறுபடி உருட்ட வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்.