இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். வீட்டில் 5 பேர். வேலை முடிந்து வர 5.30 ஆகிவிடும். மாமிக்குச் சீனி வருத்தம் என்பதால் 7.30க்குள் சாப்பாடு கொடுத்தாக வேண்டும்.

இப்போது கிழமையில் 4 நாள் பிட்டுதான். சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் பாதிக்குப் பாதி போட்டு அவித்தால் மாமி விரும்பிச் சாப்பிடுகிறார். சின்னவன் தொடவே மாட்டான். எருமைத் தயிரும் வாழைப்பழமும் வைத்துப் பிசைந்தால் நாலு வாய் உள்ளே போகும், அவ்வளவுதான்.

காலையில் வைக்கிற பால்கறி இந்த வெக்கைக்குப் பின்னேரமே பழுதாகிவிடுகிறது. அதனால் பால் விடாமல், பழப்புளி கூட விட்டு, மண்சட்டியில் மீன் ஆக்குகிறேன். அது இரவு வரை நிற்கிறது. ஆனால் அந்த உறைப்பும் புளிப்பும் சின்னவனுக்கு ஆகாது. பிறகு அவனுக்கென்று தனியாக முட்டை பொரிக்க வேண்டும்.

அரை மணித்தியாலத்தில் முடிகிற, உறைப்புக் குறைந்த, மாமிக்கும் ஒத்துப்போகிற கறி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். வளவில் முருங்கை நிற்கிறது. சுண்டலும் சொதியும் தவிர அந்த இலையில் வேறு என்ன செய்யலாம்?

இன்னொன்று, மிஞ்சிய பிட்டு. வெங்காயமும் முட்டையும் போட்டுக் கிளறிப் பார்த்தேன், காய்ந்து உதிர்ந்துவிட்டது. முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டுமா, தேங்காய்ப்பால் விட வேண்டுமா? அப்புறம், குரக்கன் ரொட்டியைப் பிய்யாமல் தட்டத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அளவோடு எழுதுங்கள்.